காலிப் பெட்டிக்குள் ஒரு பைட்

எங்கள் அலுவலகத்தில் என்னைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். பாலத்தில் நெரிசல் என்று தினமும் தாமதமாக வருபவன் என்பது ஒன்று. உள்ளே எதுவுமே இல்லாத பெட்டிக்கு எதற்காக ஒரு பைட் இடம் வேண்டும் என்பதை, கேட்டவர் கேட்காதவர் எல்லோரையும் பிடித்துவைத்து விளக்குபவன் என்பது இன்னொன்று. முதலாவதற்காக நான் வெட்கப்பட்டதுண்டு. இரண்டாவதில் எனக்குப் பெருமைதான் இருந்தது, போன வருடம் வரை.

வீடு ஜார்ஜ்டவுனில், வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம் புக்கிட் தெங்காவில். சர்க்யூட் போர்டுகளைச் சோதித்து நல்லது, கெட்டது என்று பிரிக்கும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறேன். தொழிற்சாலையில் வரிசையாக மேடைகள் இருக்கும். ஒவ்வொரு மேடையிலும் ஒருவர் உட்கார்ந்து போர்டை வைத்து, மூடியை அழுத்துவார். பச்சை விளக்கு எரிந்தால் போர்டு நல்லது, சிவப்பு எரிந்தால் ஒதுக்கிவிட வேண்டும். பச்சையா சிவப்பா என்று முடிவெடுப்பது நான் எழுதிய நிரல். இதை வீட்டில் சொன்னால் என் மனைவி, "ஓ, டிராஃபிக் லைட் வேலையா?" என்பாள். பன்னிரண்டு வருடமாக அதையேதான் சொல்கிறாள்.

அந்தக் காலிப் பெட்டி விவகாரத்தை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், பழக்கம் விடாது. நாங்கள் எழுதும் மொழியில் ஸ்ட்ரக்ட் என்று ஒன்று உண்டு. சேர்ந்திருக்க வேண்டிய தகவல்களை ஒன்றாகப் போட்டுவைக்கும் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் இயந்திரத்தில் ஒவ்வொரு வகைச் சோதனைக்கும் ஒரு பெட்டி. எத்தனை வோல்ட், எவ்வளவு நேரம் என்ற விவரங்கள் அதற்குள் போகும். சில சோதனைகளுக்கு எந்த விவரமும் தேவையில்லை, 'ஆரம்பி' என்று சொன்னால் போதும். அவற்றுக்குக் காலிப் பெட்டி. ஆனால் மொழியின் சட்டப்படி எந்தப் பெட்டியும் நினைவகத்தில் ஒரு பைட்டாவது இடம் பிடித்தே ஆகவேண்டும். அந்த ஒரு பைட்டில் யாரும் எதையும் எழுதுவதில்லை, யாரும் அதைப் படிப்பதும் இல்லை. அதற்கு முன் அந்த இடத்தில் என்ன குப்பை கிடந்ததோ அது அப்படியே கிடக்கும்.

இதில் தொந்தரவு எங்கே வருகிறது என்றால், நினைவகத்தைச் சோதிக்கும் கருவியிடமிருந்து. என் மேசைக் கணினியில் நிரலை ஓட்டும்போது அந்தக் கருவி, அதுவும் ஒரு மென்பொருள்தான், கூடவே உட்கார்ந்து, 'இதில் நீ மதிப்பு எதுவும் வைக்கவில்லை, ஆனாலும் இதை அனுப்புகிறாய்' என்று எச்சரிக்கும். காலிப் பெட்டியை மேடைக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் ஓர் எச்சரிக்கை. ஒரு தடவை ஓட்டினால் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டும். அத்தனையும் அந்த ஒரு பைட்டைப் பற்றியதுதான். எங்களிடம் இயந்திரம் வாங்குகிறவர்களோ அறிக்கையில் எச்சரிக்கை பூஜ்யமாக இருந்தால்தான் கையெழுத்துப் போடுவார்கள்.

சரியான வழி, அந்த பைட்டில் பேசாமல் ஒரு பூஜ்யத்தை எழுதிவைப்பது. ஒரு வரி வேலை. நான் அதைச் செய்யவில்லை. ஒன்றுமில்லாததற்கு எதற்கு மதிப்பு என்று எனக்குள் ஒரு வறட்டுக் கௌரவம். அதற்குப் பதிலாக, கருவி எதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்று நாம் எழுதிவைக்கும் பட்டியல் ஒன்று உண்டு, அதில் ஒரு விதியைச் சேர்த்தேன்: 'இந்தப் பெட்டியைப் பற்றி, எங்கிருந்து வந்தாலும், வாயைத் திறக்காதே.' கருவி அடங்கிவிட்டது. அறிக்கை பூஜ்யம். காரில் என்ஜின் விளக்கு எரிந்தால் அதன் மேல் சாமி ஸ்டிக்கர் ஒட்டுகிற சாதி நான். இது உவமை இல்லை. என் கெரேட்டாவில் அந்த ஸ்டிக்கர் இன்றும் இருக்கிறது.

பட்டியலை எழுதியதோடு நிறுத்தினேனா என்றால் அதுவும் இல்லை. அதை வைத்து விரிவுரை நடத்தினேன். கேன்டீனில் என் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்து மேசை நடுவில் வைத்து, "உள்ள ஒண்ணும் இல்ல. ஆனா மேசையில எடம் புடிக்குதா இல்லயா?" என்று ஆரம்பிப்பேன். ஒருநாள் விளக்கம் சூடுபிடித்திருந்த நேரத்தில், மேசை துடைக்க வந்த பெண்மணி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதைத் தேடிச் சமையலறை வரை நான் ஓடியதை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் அசரவில்லை. பூஜ்ய அறிக்கைக்காக மேலாளர் எல்லோர் முன்பும் என்னைப் பாராட்டியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன வருடம் மென்பொருளின் புதுப் பதிப்பு ஒன்றைத் தயாரித்தோம். எல்லா மேடைகளிலும் ஒரேயடியாகப் போடாமல் முதலில் ஒன்றில் போட்டுப் பார்ப்பது வழக்கம். எந்த மேடை என்று கேட்டார்கள். நான்காவது மேடை என்றேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் ஓர் அக்கா. தாசேக் கெலுகோரிலிருந்து தொழிற்சாலை வேனில் வருபவர், இருபது வருடத்துக்கு மேல் அதே வேலை. போர்டை அவர் வைக்கிற விதமே தனி, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் இருக்கும். தவறு செய்யாத ஆளிடம் கொடுத்தால்தான் தவறு மென்பொருளில் இருந்தால் தெரியும் என்று கூட்டத்தில் நானே வாய் கிழியப் பேசினேன்.

இரண்டு வாரம் கழித்து கேன்டீனில் அந்த அக்கா என் மேசைக்கு வந்தார்.

"பசியாறியாச்சா தம்பி? ஒண்ணு சொல்லணும். ரெஹாட் முடிஞ்சி வந்து ஒக்காந்தா, மொத போர்டு செவப்பு எரியிது. ரெண்டாவதுல இருந்து ஓகே. அந்த மொத போர்ட திருப்பி வச்சா பச்ச எரியிது. டெய்லி இப்படித்தான் லா."

இடைவேளையை எங்கள் ஊரில் எல்லோரும் ரெஹாட் என்றுதான் சொல்வோம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று. எனக்கு உடனே பதில் கிடைத்துவிட்டது. என்னைப் போன்றவர்களுக்குப் பதில் எப்போதும் உடனே கிடைத்துவிடும்.

"சாப்ட்டு கை கழுவிட்டு வரீங்க இல்லக்கா, ஈரமா இருக்கும். இல்லன்னா அவசரத்துல சரியா அமுத்தியிருக்க மாட்டீங்க."

"தொடச்சிட்டுதான் தம்பி வைக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தோடு நான் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உதவி செய்கிறேன் என்று கிளம்பி, ஒரு தாளில் 'போர்டைச் சரியாக வைப்பது எப்படி' என்று தமிழிலும் மலாயிலும் எழுதி, அம்புக்குறி போட்டுப் படம் வரைந்து, லேமினேட் செய்து, நான்காவது மேடையில் நானே ஒட்டினேன். இருபது வருடமாகப் போர்டு வைப்பவருக்கு, வாழ்க்கையில் மொத்தமாக முப்பது போர்டு வைத்திருக்கக்கூடிய நான் பாடம் எடுத்தேன். அந்தத் தாளை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மாதங்கள் ஓடின, புதுப் பதிப்பு இன்னும் அந்த ஒரு மேடையில் மட்டுமே. மேடையில் ஒரு குறிப்புப் புத்தகம் உண்டு. அதில் அக்கா நாள் தவறாமல் எழுதினார்: ரெஹாட்டுக்குப் பிறகு முதல் போர்டு, சிவப்பு. வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட்டவன் நான். படித்தேனா என்று கேட்டால், கையெழுத்துப் போடுகிற இடம் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் அளவுக்குப் படித்தேன்.

பிறகு சூப்பர்வைசர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். அவரும் நம் தமிழ் ஆள்தான், கணக்கில் கறாரானவர். நான்காவது மேடையில்தான் ஒதுக்கும் போர்டுகள் அதிகம், மென்பொருள் காரணமாக இருக்குமா என்று நேராகவே கேட்டார். நான் பூஜ்ய அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். எச்சரிக்கை ஒன்றுகூடக் கிடையாது, பாருங்கள் என்றேன். அவர் பார்த்தார், தலையாட்டினார்.

"அப்ப ஆள்தான். ரெஹாட் போய்ட்டு வந்தா மனசு இங்க இல்ல போல. அவங்கள பேக்கிங்ல போட்டுரலாம், மத்தியான ஷிஃப்ட்டு. வெள்ளிக்கெழம லிஸ்ட்டு ஒட்டணும்."

இதைக் கேட்டபோது எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் நிம்மதியாக இருந்தது. என் மென்பொருள் தப்பித்தது அல்லவா!

அக்காவுக்கு விஷயம் தெரிந்து புதன்கிழமை என் இடத்துக்கே வந்துவிட்டார். மேடைகளில் வேலை செய்பவர்கள் எங்கள் ஏர்கோன் அறைக்குள் வருவது அபூர்வம். கதவருகே செருப்பைக் கழற்றலாமா என்று பார்த்துக்கொண்டு நின்றார். கழற்ற வேண்டாம் என்று சொல்ல எழுந்துபோனேன்.

"மத்தியான ஷிஃப்ட்டுக்கு எங்க பக்கம் வேன் கெடையாது தம்பி. பஸ்ஸும் இல்ல, எனக்கு மோட்டாரும் ஓட்டத் தெரியாது. வேலைய விட வேண்டியதுதான். நான் ஒண்ணும் கேக்கல. நாளைக்கு ரெஹாட் முடிஞ்சதும் ஒரு தடவ நீங்க வந்து அந்த எடத்துல ஒக்காருங்க. நான் கிட்டயே வரல."

மறுநாள் காலை ரெஹாட் முடிந்ததும் போனேன். அவருக்கு உதவுவதற்காக அல்ல, அவர் சொன்னது தவறு என்று நாகரிகமாக நிரூபித்துவிட்டு வரலாம் என்றுதான். போகும் வழியில் கழிப்பறையில் கையைக் கழுவி, காற்றில் காயவைத்து, சட்டையிலும் ஒருமுறை துடைத்துக்கொண்டேன். நான் ஒட்டிய தாள் கண்ணெதிரே இருந்தது. அதில் போட்ட அம்புக்குறிப்படியே போர்டை வைத்து மூடியை அழுத்தினேன்.

சிவப்பு.

போர்டு கெட்டது என்றேன். அதையே திரும்ப வைத்தேன். பச்சை. இன்னும் பத்துப் போர்டு வைத்தேன், பத்தும் பச்சை. தற்செயலாக இருக்கலாம் என்றேன். அக்கா மூன்றடி தள்ளிக் கைகட்டி நின்றார். மதிய இடைவேளை முடிந்து மறுபடி போய் உட்கார்ந்தேன். சிவப்பு. என் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்து மேடைகளில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிரிப்பை மறைக்கத்தான்.

என் இடத்துக்கு வந்து நிரலை அந்தக் கருவியோடு ஓட்டினேன். எச்சரிக்கை பூஜ்யம். பூஜ்யம் வரத்தான் செய்யும், சொல்லாதே என்று சொல்லிவைத்தவன் நான்தானே. பட்டியலை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். பழைய அதே எச்சரிக்கை வந்து கொட்டியது. அதே பெட்டி, அதே ஒரு பைட். ஓ, இதுவா, இது சும்மா என்று தள்ளிவிட்டு, வேறு இடங்களில் இரண்டு மணி நேரம் தேடினேன். என் விரிவுரையில் மயங்கிய முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது.

கடைசியில் வேறு வழியில்லாமல் அந்தக் காலிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அது காலியாக இல்லை.

அதற்குள் ஒரு கொடி இருந்தது. கொடி என்றால் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் சின்னத் தகவல். இயந்திரம் சரியாக அளக்கிறதா என்று அளவு பார்க்கும்போது போர்டைக் கடுமையான எல்லைகளை வைத்துச் சோதிக்க வேண்டும். சாதாரண நாளில் வேண்டியதில்லை. எது என்று சொல்வது அந்தக் கொடி. புதுப் பதிப்பில் யாரோ சேர்த்திருக்கிறார்கள், ஆனால் அதற்குத் தொடக்க மதிப்பு வைக்க மறந்துவிட்டார்கள். யார் இந்த மடையன் என்று, உண்மையாகவே இந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி, மாற்றங்களின் பதிவைத் திறந்தேன். என் பெயர். பக்கத்தில் என் கைப்பட ஒரு குறிப்பும் இருந்தது: 'சின்ன மாற்றம்.'

கொடிக்கு வேண்டியது ஒரு பைட். காலிப் பெட்டிக்கு ஏற்கெனவே இருந்ததும் ஒரு பைட். பெட்டியின் அளவு மாறவில்லை, எச்சரிக்கையின் வாசகமும் மாறவில்லை. பல வருடங்கள் வெறும் சத்தமாக இருந்தது, நான் கொடியைச் சேர்த்த அன்றைக்கு உண்மையாகிவிட்டது. கருவி அதைச் சரியாகச் சொல்லவும் செய்தது. நான் அதன் வாயில் துணியை அடைத்திருந்தேன். இயந்திரம் பத்து நிமிடம் சும்மா இருந்தால் தன்னைத்தானே அளவு பார்த்துக்கொள்ளும். அப்போது நினைவகத்தில் அதே இடத்தில் 'ஆம், கடுமையாக' என்ற மதிப்பு தங்கிவிடும். இடைவேளை முடிந்து அக்கா வைக்கிற முதல் போர்டுக்கு என் கொடி அந்த மிச்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது போர்டுக்குள் அந்த இடத்தில் வேறு ஏதாவது வந்து அழித்துவிடும். அவர் ஒவ்வொரு நாளும் எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி.

வெள்ளிக்கிழமை காலை கொடிக்கு 'இல்லை' என்று தொடக்க மதிப்பு வைத்து அந்த ஒரு வரியைத் திருத்தினேன். இடைவேளைக்குப் பிறகு பச்சை எரிந்தது. மாற்றக் குறிப்பில் 'இயந்திரத்தின் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தேன், நன்றாகத்தான் இருந்தது. இனி சிவப்பு எரியாது, அக்காவுக்கும் பிரச்சினை இல்லை, எனக்கும் மானம் போகாது என்று கோப்பி குடிக்கப் போனேன். கேன்டீன் வாசலில் சூப்பர்வைசர் அறிவிப்புப் பலகையின் கண்ணாடியைத் திறந்துகொண்டிருந்தார். கையில் லிஸ்ட்டு. அக்காவின் பெயர் பேக்கிங்கில் இருந்தது.

இன்று முதல் சிவப்பு எரியாது என்பது அக்காவுக்கு எதையும் மாற்றவில்லை. கடந்த ஐந்து மாதத்துச் சிவப்பெல்லாம் அவர் பெயரில்தானே இருந்தது. இப்படியே விட்டால், ஆளை மாற்றியதும் மேடை சரியாகிவிட்டது என்று அவர் மேல் நிரந்தரமாக எழுதிவிடுவார்கள். அதற்குச் சான்றும் என்னுடைய மேம்பாடாகவே இருக்கும். அந்த நிமிடம் எனக்கு என்னைக் கண்டே அருவருப்பாக இருந்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம்" என்றேன். பலகைக்கு முன்னால் நின்று ஆரம்பித்தேன். ஸ்ட்ரக்ட் என்றால் என்ன, காலியாக இருந்தாலும் ஏன் ஒரு பைட், கொடி என்றால் என்ன என்று பாதி தூரம் போய்விட்டேன். டப்பா ஒன்றுதான் குறை.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, அதெல்லாம் எனக்கு வெளங்காது லா. யாரு தப்பு? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

கோப்பிக்கு வரிசையில் நின்ற இருபது பேராவது திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னோடது."

"அந்த அம்மா?"

"ஒரு தப்பும் செய்யல. அவங்க டெய்லி எழுதி வச்சிருக்காங்க. நான்தான் படிக்காம சைன் போட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. லிஸ்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இதயே எழுதிக் கொடுங்க, மேல அனுப்பணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். மூன்று வரிதான் வந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறிய அறிக்கை அதுதான். அன்று மாலை புது லிஸ்ட்டு வந்தது, அக்காவின் பெயர் நான்காவது மேடையிலேயே இருந்தது.

வேன் கிளம்புவதற்கு முன் அவரைப் போய்ப் பார்த்தேன். மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் தாளைச் சுரண்டி எடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டேன். நன்றாகத் திட்டட்டும் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டினால் எனக்குத்தான் சுலபம்.

அவர் துணியை மடித்து வைத்தார்.

"பரவால்ல தம்பி. மெஷினுதான்னு தெரிஞ்சதே போதும். நான் என்னமோ என் கைக்குத்தான் ஆயிருச்சின்னு நெனச்சேன். ரெண்டு தடவ கிளினிக் போனேன். நரம்பெல்லாம் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னுதான் டாக்டர் சொன்னாரு. நான் நம்பல. படிச்ச புள்ள நீங்க படம் வரஞ்சி ஒட்டிருக்கீங்க, பொய்யா இருக்குமா? வீட்டுல தண்ணி க்ளாஸ தூக்கறப்பகூட ஆடுதா ஆடுதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

இரண்டு கைகளையும் மேடைக்கு மேலே நீட்டிக் காட்டினார். "நீங்களே பாருங்க. ஆடுதா?"

பார்த்தேன். கொஞ்சமும் அசையாத கைகள்.

"இல்லக்கா, ஆடல" என்றேன். ஐந்து மாதத்துக்கு முன்பு, கேன்டீனில், அவர் முதல்முறை வந்து நின்றபோதே சொல்லியிருக்க வேண்டியது.